மூணு கேள்வி

தொழிலாளர் நீதிமன்றத்தில் அந்த வக்கீலுக்கு வைத்த பெயர் மூணு கேள்வி. வைத்தது யார் என்று தெரியாது. எதிர்த்தரப்பு வக்கீல்களாக இருக்கலாம், வாசலில் டீ விற்கிறவனாகவும் இருக்கலாம். அவருடைய சொந்தப் பெயர் தினமும் வழக்குப் பட்டியலில் அச்சாகிச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கும். ஆனால் அந்தப் பட்டியலில் விரல் வைத்துத் தேடுகிற ஜனங்கள், "நமக்கு எதிரா மூணு கேள்வியா வர்றாரு?" என்றுதான் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள். ஆமாம் என்று தெரிந்ததும் முகம் சுண்டிப்போகும்.

இருபது வருடமாக அவர் முதலாளிகள் பக்கம் மட்டும்தான் நின்றார். ஆலை, கிடங்கு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், பஸ் கம்பெனி என்று எங்கே யாரை வேலையிலிருந்து தூக்க வேண்டுமானாலும் முதலில் அவருடைய மாடிப்படியைத்தான் ஏறுவார்கள். தூக்கிவிட்டு அப்புறம் வருகிறவர்களைக் கண்டால் அவருக்குப் பிடிக்காது. "வண்டி போனப்புறம் டிக்கெட் வாங்க வர்றீங்களா?" என்று திருப்பி அனுப்பிவிடுவார். முன்கூட்டியே வருகிறவர்களை உட்காரவைத்து, கதவைச் சாத்திவிட்டு, தன் வித்தையைச் சொல்லிக்கொடுப்பார்.

வித்தை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஒரு கடிதம். வேலையை விட்டுத் தூக்க வேண்டிய ஆளைக் கூப்பிட்டு, நடந்த தப்புக்கு வருத்தப்படுவதாக ஒரு பக்கம் எழுதி வாங்க வேண்டும். அவ்வளவுதான். எப்படி வாங்குவது என்பதில்தான் சூட்சுமம். கம்பெனி பெயர் போட்ட தாளில் வாங்கக்கூடாது, கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாளாக இருக்க வேண்டும். பேனா எழுதுகிறவனுடைய பேனாவாக இருக்க வேண்டும். அறைக்கதவு திறந்தே இருக்க வேண்டும். டீயை எழுதுவதற்கு முன்னால் கொடுக்க வேண்டும், எழுதிய பின்னால் கொடுத்தால் கூலி மாதிரி தெரியும். எழுத்துப்பிழை இருந்தால் திருத்தவே கூடாது. "அந்தப் பிழைதான் சார் நமக்குச் சாட்சி" என்பார். எல்லாவற்றுக்கும் மேலே, 'எழுது' என்ற சொல் மட்டும் மேனேஜர் வாயிலிருந்து வந்துவிடக் கூடாது. "உங்க இஷ்டம். எழுதிக் கொடுத்தா பெரியவங்க மனசு இளகும். எழுதாட்டியும் பரவாயில்லை." இதைத்தான் சொல்ல வேண்டும், முகத்தில் கொஞ்சம் கவலையோடு. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுகிற அந்தக் கவலையை மேனேஜர்களுக்குச் சிலசமயம் அவரே நடித்துக் காட்டுவார்.

எழுதிக்கொடுத்த ஆள் வீட்டுக்குப் போய், கண்டம் தாண்டியது என்று நிம்மதியாகத் தூங்குவான். பத்தாம் நாள் வேலைநீக்க உத்தரவு வரும். அவன் வழக்குப் போடுவான். வருடங்கள் கழித்துச் சாட்சிக் கூண்டில் ஏறுவான். அப்போது வக்கீல் அந்தத் தாளை ஒரு பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து, மூன்றே மூன்று கேள்வி கேட்பார்.

"இது உங்க கையெழுத்துத்தானே?"

"எழுதும்போது யாராவது மிரட்டினாங்களா, கதவைச் சாத்தினாங்களா?"

"எழுதுன்னு யாராவது சொன்னாங்களா?"

ஆமாம், இல்லை, இல்லை. வேறு என்ன சொல்ல முடியும்? சத்தியம் செய்துவிட்டு நிற்கிறவன் உண்மையைத்தானே சொல்வான். உண்மையைச் சொல்லித்தான் அத்தனை பேரும் கெட்டார்கள். "நுணலும் தன் வாயால் கெடும்" என்று வெளியே வந்து மேனேஜர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஒருவர், ஐம்பது வயதுக்காரர், மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் கூண்டிலேயே உடைந்து அழுதார். வக்கீல் அவரை அவசரப்படுத்தவில்லை. தன் மேஜையிலிருந்த தண்ணீர் பாட்டிலை அனுப்பி, குடிக்கச் சொன்னார். பிறகு நீதிபதியைப் பார்த்து மெதுவாக, "ஐயா, 'சாட்சி அழுகிறார்'னு பதிவு பண்ணிக்கணும்" என்றார். பதிவாயிற்று. குற்றமுள்ள நெஞ்சு என்று தீர்ப்பில் ஒரு வரி எழுத அது உதவியது.

இந்த வித்தையை அவர் எங்கே கற்றார் என்று கேட்டால் நம்ப மாட்டீர்கள். வக்கீலான புதிதில் அவர் தொழிலாளர் பக்கம்தான் இருந்தார். முதல் வழக்கு ஒரு கிடங்குக் காவலாளிக்கு. வழக்கு கெட்டியாக இருந்தது, எதிர்த்தரப்பு ஒரு மன்னிப்புக் கடிதத்தை நீட்டும் வரை. காவலாளியே எழுதியது. தீர்ப்பு வந்த அன்று காவலாளி நீதிமன்றப் படியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். வேறொருவனாக இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து தோளையாவது தொட்டிருப்பான். இவர் மாடிக்கு ஓடிப்போய் அந்தக் கடிதத்துக்கு ஒரு நகல் எடுத்துக்கொண்டார். மறுமாதம் கட்சி மாறினார்.

அவரை வக்கீலாக்கியது அக்கா. இதைச் சொல்லாமல் அவர் கதையைச் சொல்ல முடியாது, ஆனால் அவர் யாரிடமும் சொன்னதில்லை.

அம்மா இல்லை. அப்பா லாரி ஓட்டினார், ஒருநாள் சரக்கு ஏற்றிக்கொண்டு போனவர் திரும்பவில்லை. விபத்தா வேறு குடும்பமா என்று கடைசிவரை தெரியவில்லை. அப்போது அக்காவுக்குப் பதினாலு, தம்பிக்கு ஐந்து. பள்ளியில் சேர்க்க அவள்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். தலைமையாசிரியர் பெயர் கேட்டார். வீட்டில் அவனை எல்லாரும் சின்னவன் என்றுதான் கூப்பிட்டு வந்தார்கள், பெயர் என்று ஒன்று வைக்க யாருக்கும் கை ஒழியவில்லை. அக்கா இரண்டு நிமிடம் யோசித்து ஒரு பெயர் சொன்னாள், முன்னால் அப்பா பெயரின் முதலெழுத்தைச் சேர்த்து. பிறந்த தேதி கேட்டபோது அதையும் யோசித்துச் சொன்னாள். பிற்காலத்தில் கறுப்புப் பலகையில் பொன்னெழுத்தில் மின்னிய பெயர் அப்படி வந்ததுதான்.

அக்கா ஏற்கெனவே ஐந்தாம் வகுப்போடு நின்றவள், இப்போது தையலுக்குப் போனாள். சட்டைக் காலர் தைத்தாள். அதையேதான் நாற்பது வருடம் தைத்தாள். தம்பி சட்டக் கல்லூரிக்குப் போனான். ஒருமுறை அவள் கையெழுத்தைப் பார்த்து, "என்னக்கா இது, எறும்பு ஊர்ந்த மாதிரி?" என்று சிரித்து, கடைசி எழுத்தில் ஒரு சுழி போட்டு முடிக்கச் சொல்லிக்கொடுத்தான். அவள் பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் ஒரு வாரம் எழுதிப் பழகினாள். அதற்கப்புறம் சம்பளப் பதிவேட்டில் அந்தச் சுழியைப் போடுகிற ஒவ்வொரு முறையும், "இது எங்க தம்பி சொல்லிக்கொடுத்தது" என்று பக்கத்திலிருப்பவளிடம் சொல்வாள்.

இன்னொரு சம்பவமும் உண்டு. அவனுக்கு ஒன்பது வயதில், குடியிருந்த வீட்டுக்காரருடைய புது மோட்டார்சைக்கிளின் இருக்கையை பிளேடால் கிழித்துவிட்டான். ஏன் என்றால் காரணம் கிடையாது, பிளேடு இருந்தது. வீட்டுக்காரர் இரும்பு ஸ்கேலோடு வந்து நின்றபோது அக்கா, "நான்தாங்க" என்றாள். உள்ளங்கையில் விழுந்த அடியில் நாலு நாள் அவளால் கத்தரிக்கோல் பிடிக்க முடியவில்லை. கதவிடுக்கில் நின்று பார்த்த பையனுக்கு அழுகை வந்திருக்க வேண்டும், வெட்கமாவது வந்திருக்க வேண்டும். அவன் கற்றுக்கொண்டது வேறு. அக்கா என்ன ஆனாலும் தன்னைக் காட்டிக்கொடுக்க மாட்டாள் என்று கற்றுக்கொண்டான்.

வசதியான இடத்தில் பெண் எடுத்தபோது, அக்கா தையல் பள்ளி நடத்துவதாக அவர் மாமனாரிடம் சொல்லிவைத்தார். தையல் பள்ளி! காலர் தைக்கும் மேஜையில் அவளோடு ஐந்நூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள், அதைப் பள்ளி என்று சொன்னால் சொல்லலாம். "நீ அங்க என்னைப் பத்திப் பேச வேண்டாம்க்கா. கட்சிக்காரங்க இருக்கிற இடம்" என்று அவளிடமும் சொல்லிவைத்தார். அக்கா தலையாட்டினாள். தம்பி வக்கீல் என்று மட்டும் எல்லாரிடமும் சொன்னாள், பெயரைச் சொல்லவில்லை. தம்பிக்கு அதில் ஏதோ தொழில் மரியாதை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள், பாவம்.

அந்தத் தையல் ஆலை ஒருநாள் அவருடைய மாடிப்படியை ஏறியது. மேனேஜர் கைகூப்பி வணங்கிவிட்டு, ஒரு பட்டியலை மேஜையில் வைத்தார். இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்த நாற்பத்தொரு பெண்கள். கை மெதுவாகிவிட்டது, முதுகு வலி என்று அடிக்கடி எழுந்திருக்கிறார்கள், ஓய்வுக்கு இன்னும் ஐந்தாறு வருடம் இருக்கிறது. மரியாதையாக அனுப்பினால் செலவு, வேறு விதமாக அனுப்ப வழி வேண்டும்.

பட்டியலில் பதினேழாவது பெயர் அக்காவுடையது. வக்கீல் பார்த்தார். பக்கத்தைத் திருப்பினார்.

"காலர் கோணலா இருக்குன்னு ஏதாவது சரக்கு திரும்பி வந்திருக்கா?" என்று கேட்டார்.

"போன மாசம் ஒரு லாட் வந்துச்சு சார். ஆனா அது துணியில குறை."

"துணிக்கு வாய் இல்லையே" என்றார் வக்கீல்.

இரண்டு வாரம் கழித்து, மதிய இடைவேளையில், சாப்பாட்டுக்கூடத்தில் நாற்பத்தொரு பேரையும் உட்காரவைத்து மேனேஜர் டீ கொடுத்தார். திரும்பி வந்த சட்டைகளைக் காட்டினார். மேலிடம் கோபமாக இருக்கிறது, ஆளுக்கொரு கடிதம் இருந்தால் தான் பேசிப் பார்க்கலாம் என்றார். "உங்க இஷ்டம்" என்றார். கதவு அகலத் திறந்திருந்தது.

பெண்கள் யாரும் பேனாவை எடுக்கவில்லை. செய்யாத தப்புக்கு எதற்கு எழுத வேண்டும் என்று முணுமுணுத்தார்கள். பிறகு ஒவ்வொருவராக அக்கா பக்கம் திரும்பினார்கள். பொத்தான் வைக்கும் மேஜையில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்தவள் ஒருத்தி இருந்தாள், பொத்தான் என்றே அவளுக்குப் பெயர், வாய்த்துடுக்குக்காரி. அவள்தான், "அக்கா, உன் தம்பிதான் வக்கீலாச்சே. ஒரு வார்த்தை கேளேன்" என்றாள்.

அக்கா கழிவறைப் பக்கம் போய் நின்று தம்பிக்குப் போன் செய்தாள். வக்கீல் அப்போது நீதிமன்றத்துத் தாழ்வாரத்தில் நின்றிருந்தார்.

"சின்னவனே, இங்க ஒரு கடுதாசி எழுதித் தரச் சொல்ற மாதிரி பேசறாங்கடா. துணிதான் கோளாறு, எங்க தையல் இல்ல. எல்லாரும் நான் சொல்றதுக்காக உக்காந்திருக்காளுங்க. எழுதலாமா?"

எழுதாதே என்று ஒரு சொல் போதும். நாற்பத்தொரு பேரும் எழுந்து போயிருப்பார்கள். மேனேஜர் வெறும் தாள்களோடு நின்றிருப்பார், அதோடு அந்த ஆலையும் அதன் ஆறு கிளைகளும் வேறு வக்கீலைத் தேடிப் போயிருக்கும். அவர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

"எழுதுக்கா. ஒண்ணும் ஆகாது."

"ஒண்ணும் ஆகாதே?"

"நான் சொல்றேன்ல."

போனை வைத்ததும் மேனேஜரைக் கூப்பிட்டார். "அந்த லிஸ்ட்ல பதினேழாவது பேரை எடுத்துடுங்க."

"வேண்டியவங்களா சார்?"

"தூரத்துச் சொந்தம்."

"அதுக்கென்ன, எடுத்துட்டாப் போச்சு" என்றார் மேனேஜர்.

அன்று வக்கீலுக்குத் தன்மேல் ஒரு திருப்தி இருந்தது. அக்காவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம் என்று மனப்பூர்வமாக நம்பினார். இந்த மாதிரி ஆட்களிடம் பயங்கரமே அதுதான். கழுத்தை அறுக்கும்போதும், கத்தியைத் துடைத்துவிட்டுத்தான் அறுத்தேன் என்று சந்தோஷப்படுவார்கள்.

பத்தாம் நாள் நாற்பது பேருக்கு உத்தரவு வந்தது. நாற்பத்தொரு பேரில் அக்கா மட்டும் உள்ளே உட்கார்ந்து காலர் தைத்தாள். வெளியே கேட்டில் நின்ற நாற்பது பேருக்கும் கணக்குப் புரிய அதிக நேரமாகவில்லை. எழுதலாம் என்று வந்து சொன்னவள் அவள். வேலை போகாதவளும் அவள். சாயங்காலம் அவள் வெளியே வந்தபோது யாரும் திட்டவில்லை, கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. பொத்தான் மட்டும் கேட்டாள்: "எங்களை வித்து என்னக்கா வாங்கினே?" இருபத்திரண்டு வருடம் ஒரே டப்பாவில் சாப்பிட்டவள் கேட்ட கேள்வி அது.

அக்கா மறுநாளே தம்பியின் அலுவலகத்துக்கு வந்தாள். முதல்முறையாக வந்தாள். சுவரில் வரிசையாகச் சட்டப் புத்தகங்கள், மேஜையில் கண்ணாடி, அதன்மேல் ஒரு கட்டுக் கடிதங்கள். கோடு போட்ட தாள்கள். மேலே இருந்தது பொத்தானுடைய கோணல் எழுத்து. அக்காவுக்கு அதைப் படித்துப் பார்க்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

"நீதானாடா?"

"உக்காருக்கா."

"நீதானா அவங்க வக்கீலு?"

"உன் வேலைக்கு ஒண்ணும் ஆகலையே? நான்தான் சொல்லி எடுக்க வச்சேன்."

"நாப்பது பேருடா."

"நாப்பது பேருக்கும் நான் தம்பியா?"

வக்கீல் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்தினார். "இதப் பாருக்கா. நான்தான் எழுதச் சொன்னேன்னு வெளியில வந்தா என் கோட்டைக் கழட்டிடுவாங்க. பசங்க படிக்கிறாங்க. நீ வாயைத் திறந்தா நான் செத்தேன். உன் கையிலதான் இருக்கேன்."

அவள் முன்னாலிருந்த டம்ளர் தண்ணீரைக் குடித்தாள். குடித்த டம்ளரைக் கொண்டுபோய் மூலையிலிருந்த தொட்டியில் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள். ஆலையில் வேலையை விடவும் இல்லை. விட்டால் அதற்கும் ஏன் என்று கேட்பார்கள், தம்பி பெயர் வரும் என்று பயந்தாள். ஒன்றரை வருடம், அவளோடு யாரும் பேசாத மேஜையில், புதிதாக வந்த இளம் பெண்களுக்கு நடுவே உட்கார்ந்து தைத்தாள்.

வழக்கு விசாரணைக்கு வந்தது. முதலில் கூண்டில் ஏறியவள் பொத்தான். ஆமாம், இல்லை என்று இரண்டு கேள்விக்கும் சரியாகச் சொன்னாள். மூன்றாவது கேள்விக்கு, "சொன்னாங்க" என்றாள்.

நீதிமன்றம் நிமிர்ந்து உட்கார்ந்தது. வக்கீல் மட்டும் நிதானமாக இருந்தார்.

"யார் சொன்னாங்க? மேனேஜரா?"

"இல்லீங்க. எங்ககூட வேலை பாத்த அக்கா. அவங்க தம்பி வக்கீலாம். அவரு எழுதச் சொன்னாருன்னு சொல்லிச்சு."

"ஓ, வக்கீல். அவர் பேர் என்னம்மா?"

"தெரியாதுங்க."

"எங்க இருக்கார்?"

"தெரியாதுங்க."

"ஆள் எப்படி இருப்பார்? குள்ளமா, நெட்டையா? கறுப்பா, சிவப்பா? என்னை மாதிரி இருப்பாரா?"

சிரிப்பு வெடித்தது. நீதிபதிகூட வாயைப் பொத்திக்கொண்டார். பொத்தான் அந்தச் சிரிப்புக்கு நடுவில் மலங்க மலங்க விழித்துக்கொண்டு நின்றாள். அந்த வாய்த்துடுக்குக்காரி கூண்டைவிட்டு இறங்கும்போது கால் தடுக்கி விழப்போனாள், அதற்கும் சிரித்தார்கள். பெண்களின் வக்கீல் நாலு வருட அனுபவமுள்ள ஓர் இளம்பெண். அவள் அன்று மாலையே ஒரு மனு எழுதினாள், அந்த அக்காவைச் சாட்சியாக அழைக்க வேண்டும் என்று. இப்போது வழக்கே அந்த ஒரு வாயில் இருந்தது. வக்கீல் தம்பி என்று ஒருவர் உண்டு, அவர் சொன்னார் என்று அக்கா சொன்னால் நாற்பது கடிதங்களும் குப்பை. யாரும் சொல்லவில்லை என்றால் நாற்பது பேரும் பொய்யர்கள்.

சம்மனில் குறித்த நாளில் அக்கா நீதிமன்றத்துக்கு வந்தாள். தாழ்வாரத்துப் பெஞ்சில் அவள் உட்கார்ந்ததும் அங்கிருந்த நாலு பெண்கள் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போனார்கள். உள்ளே இரண்டாவது வரிசையில் ஆலை மேனேஜர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

இளம்பெண் வக்கீல் கேட்கக் கேட்க, அக்கா போன் செய்ததை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் உள்ளபடி சொன்னாள். சட்டையைக் காட்டியது, டீ கொடுத்தது, 'உங்க இஷ்டம்' என்று மேனேஜர் சொன்னது, பள்ளிப் பிள்ளைகள் மாதிரி எல்லாரும் உட்கார்ந்து எழுதியது. "நீங்க போன் பண்ணிப் பேசினது யார்கிட்ட?" என்று கேட்கப்போனபோது வக்கீல் எழுந்து, போன் செய்ததாகச் சாட்சி சொல்லவே இல்லை, சொல்லாததை வாயில் திணிக்கிறார்கள் என்று ஆட்சேபித்தார். நீதிபதி ஏற்றுக்கொண்டார். இளம்பெண் முகம் வாடி உட்கார்ந்தாள்.

அதோடு வக்கீல் தப்பித்தார். பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும், வழக்கு அவர் பக்கம்தான். ஆனாலும் வழக்கத்துக்கு எழுந்து, பிளாஸ்டிக் உறையிலிருந்து அக்காவின் கடிதத்தை எடுத்தார்.

"இது உங்க கையெழுத்துத்தானேம்மா?"

"ஆமாங்க."

"யாராவது மிரட்டினாங்களா, கதவைச் சாத்தினாங்களா?"

"இல்லீங்க."

"அவ்வளவுதான் ஐயா" என்று உட்காரப் போனார்.

நீதிபதி புன்னகைத்தார். "என்ன வக்கீல் சார், மூணாவது எங்கே? இன்னிக்குக் குறைச்சுட்டீங்க?"

நீதிமன்றமே சிரித்தது. மேனேஜரும் சிரித்தார். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள், இது சறுக்கல்கூட இல்லை, இறுமாப்பு. யாரும் சொல்லவில்லை என்று அவள் வாயாலேயே வந்துவிட்டால் மேல்முறையீட்டுக்குக்கூட இடமிருக்காது என்று ஒரு கணக்குப் போட்டார். அக்கா சொல்ல மாட்டாள் என்பதில் அவருக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. இரும்பு ஸ்கேலுக்கே சொல்லாதவள்.

"எழுதுன்னு உங்ககிட்ட யாராவது சொன்னாங்களாம்மா?"

அக்கா அவரைப் பார்த்தாள். பின்வரிசையில் நாற்பது பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"யாரும் சொல்லலீங்க."

பொத்தான் முகத்தை மூடிக்கொண்டாள். வக்கீல் நீதிபதிக்குத் தலை வணங்கி உட்கார்ந்து, பேனாவை மூடினார். முடிந்தது.

சாட்சி சொன்னதைத் தட்டச்சு செய்து, படித்துக் காட்டி, சாட்சியிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அது அங்கே முறை. எத்தனையோ வருடமாக யாரும் அதைக் காது கொடுத்துக் கேட்டதில்லை. தட்டச்சர் ராகம் போட்டு மளமளவென்று படித்தார். "எழுதும்படி என்னிடம் யாரும் கூறவில்லை" என்று முடித்து, தாளை நீட்டி, இடத்தை விரலால் காட்டினார். "இங்க போடுங்கம்மா."

அக்கா பேனாவை வாங்கினாள். தாளின் மேல் வைத்தாள். பிறகு தலையைத் தூக்கி, எதிர் மேஜையைப் பார்த்து, கழிவறைப் பக்கம் நின்று போனில் கேட்ட அதே குரலில் கேட்டாள்:

"போடலாமாடா?"

மூணு கேள்வி என்ற அந்த வக்கீலை, அந்த நீதிமன்றத்தில், ஒரு சாட்சி 'டா' போட்டுக் கேட்டுவிட்டாள். தெரிந்து கேட்டாளா, பழக்கத்தில் வாய் தவறி வந்ததா என்று அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. பேனாவோடு அவள் காத்திருந்தாள். எப்போதும் அவன் சொல்வதற்காகக் காத்திருப்பவள்தானே.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "வக்கீல் சார், இந்தம்மா உங்களுக்கு என்ன உறவு?"

இரண்டாவது வரிசையில் மேனேஜர் காலை இறக்கி நேராக உட்கார்ந்தார். வக்கீல் எழுந்தார். தொண்டையைச் செருமினார். ஏற்கெனவே ஒருமுறை சொன்ன வார்த்தை நாக்கிலேயே தயாராக இருந்தது.

"தூரத்துச் சொந்தம், ஐயா."

"எவ்வளவு தூரம்?"

"ரொம்பத் தூரம் ஐயா. பழக்கம்கூட அவ்வளவா இல்லை."

அக்கா பேனாவைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. நாற்பது வருடமாகத் தைத்துக்கொண்டிருந்த துணியைத் தூக்கிப் பார்த்து, தையலே விழவில்லை என்று கண்டவள் மாதிரி இருந்தாள். உள்ளங்கையை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

"ஐயா, நான் இன்னும் கையெழுத்துப் போடலீங்க. மாத்தலாங்களா?"

"என்னம்மா மாத்தணும்?"

"கடைசி வரி. யாரும் சொல்லலைன்னு சொன்னது பொய்ங்க. கூடப் பொறந்தவனைக் காட்டிக்கொடுக்கக் கூடாதுன்னு சொன்னேன். தூரத்துச் சொந்தத்துக்காக நான் எதுக்குங்க பொய் சொல்லணும்?"

வக்கீல் ஆட்சேபம் என்று எழுந்தார். நீதிபதி கையைக் காட்டி அவரை உட்காரச் சொன்னார். தட்டச்சர் பழைய வரியை அழித்துவிட்டு, நிமிர்ந்து கேட்டார்.

"எழுதுன்னு சொன்னது யாரு? பேர் சொல்லுங்கம்மா."

அக்கா சொன்னாள். அப்பா பெயரின் முதலெழுத்தோடு, தலைமையாசிரியர் முன்னால் சொன்னது போலவே, நிறுத்தி நிதானமாக முழுப் பெயரையும் சொன்னாள். தட்டச்சர் விரல்கள் நின்றன, எதிர் மேஜைப் பக்கம் ஒருமுறை பார்த்தார், பிறகு அடித்தார்.

"பொறந்த தேதியும் வேணுங்களா?" என்று அக்கா கேட்டாள். "அதுவும் நான் வச்சதுதான்."